கைத்தொழில் பீரியட்



ஆறு மாதம் கனடாவில் மகள் வீட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. "என்ன சார், நயாகரா படம் ஒன்றுகூடப் போடவில்லையே?" என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். நயாகரா பார்த்தேன். தண்ணீர் விழுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எழுத நினைத்தது அதைப் பற்றி அல்ல. அங்கே ஒரு மனிதர் கொட்டும் பனியில் ஒரு மரவீடு கட்டி முடித்ததைக் கூடவே இருந்து பார்த்தேன். அதைப் பற்றியும், அதனால் எனக்கு ஞாபகம் வந்த ஒரு பழைய கணக்கைப் பற்றியும் எழுதுகிறேன். நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படிக்கவும். இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகவும், தப்பாக நினைக்க மாட்டேன்.

மகள் இருப்பது டொரன்டோவுக்கு வடக்கே பாரி என்னும் ஊரில். 2024 அக்டோபர் கடைசியில் போய் இறங்கினோம். வீட்டுக்காரம்மாவுக்குப் பேரனோடு பொழுது போய்விடும். எனக்கு? நாலு நாள் சன்னல் வழியே தெருவைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் அறிமுகமானார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று தெரிந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். என்ன பாடம் என்று கேட்டேன். தச்சு வேலை, வெல்டிங், மோட்டார் மெக்கானிசம் என்றார். உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குள் ஒரு சின்ன ஏமாற்றம். "கணக்கு வாத்தியார் இல்லையா" என்று. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். எனக்கு வாய் வரவில்லை. கடைசி வரை "மாஸ்டர்" என்றே கூப்பிட்டேன். அவருக்கும் அது பிடித்துப் போயிற்று.

ஹன்ட்ஸ்வில் பக்கம், அல்கோன்க்வின் பூங்காவுக்குப் போகிற வழியில், அவருக்குக் கொஞ்சம் காட்டு நிலம் உண்டு. அதில் பதினாறுக்கு இருபதடியில் ஒரு மரவீடு கட்டிக்கொண்டிருந்தார். பலகை அடித்த வீடு இல்லை. முழு உருட்டு மரங்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, மூலைகளில் வாய் வெட்டிக் கோத்துச் சுவர் எழுப்புகிற பழைய முறை. மரம் அவர் நிலத்திலேயே நின்ற வெள்ளைப் பைன். (ஒன்டாரியோ மாகாணத்தின் மாநில மரமே அதுதான்.) "சும்மாதானே இருக்கிறீர்கள், வாருங்கள்" என்றார். வாரத்துக்கு இரண்டு நாள் அவரோடு வண்டியில் போக ஆரம்பித்தேன். மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. "மாமா, விழுந்து கிழுந்து வைத்தால் இன்ஷூரன்ஸ் பெரிய தலைவலி" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

குளிர்காலத்தில் ஏன் வீடு கட்டுகிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அங்கே மரம் வெட்டுவதற்குக் குளிர்காலம்தான் சரியான காலமாம். அவர் முந்தைய வருடம் ஜனவரியிலேயே மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார். சாறு அடங்கியிருக்கும் என்பது ஒரு காரணம். பூச்சியும் பூஞ்சையும் அந்தக் குளிரில் வேலை செய்யாது என்பது இன்னொன்று. ஆனால் மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார், "உண்மையான காரணம், பனி மேல் மரத்தை இழுப்பது சுலபம்." நிலம் கல்லாக உறைந்திருக்கும், மேலே பனி வழுக்கும். சேற்றில் நாலு பேர் இழுக்க வேண்டிய தடியைப் பனியில் ஒரு சின்ன வண்டி இழுத்துவிடும். மரமும் மண் படாமல் வரும், நிலமும் கிழியாது.

நம் ஊரிலும் தேய்பிறையில்தான் மரம் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் உளுத்துப் போகும் என்று ஆசாரிகள் சொல்வார்கள் இல்லையா? அதை அவரிடம் சொன்னேன். மூடநம்பிக்கை என்று தள்ளவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அஸ்திவாரத்தைச் செப்டம்பரிலேயே முடித்திருந்தார். உறைபனியில் கான்கிரீட் இறுகாது, உள்ளே இருக்கும் தண்ணீரே உறைந்து வெடித்துவிடும். அது மட்டுமல்ல, அங்கே குளிரில் மண்ணே நாலைந்தடி ஆழம் வரைக்கும் உறையும். உறையும்போது மண் உப்பி மேலே தூக்கும். அதனால் தூண்களை உறைபனி எட்டாத ஆழம் வரை இறக்க வேண்டும். நம் ஊரில் கரிசல் மண் வெடித்துச் சுவரைப் பிளப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

சுவர் எழுப்புவதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. உருட்டு மரம் எதுவும் நேராக இருக்காது. அடி பெருத்து நுனி சிறுத்திருக்கும், நடுவில் முண்டு முடிச்சு இருக்கும். இதை எப்படி இடைவெளியில்லாமல் அடுக்குவது? அடியும் நுனியும் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். பிறகு கவராயம் மாதிரி ஒரு கருவி. ஒரு முனை கீழ் மரத்தைத் தடவிக்கொண்டே போகும், மறு முனையில் இருக்கும் பென்சில் அதே வளைவை மேல் மரத்தில் வரையும். கீழே ஒரு மேடு என்றால் மேலே அதே அளவில் ஒரு மேடு. அந்தக் கோட்டின்படி மேல் மரத்தின் அடிப்பக்கத்தைக் குடைந்து உட்கார வைத்தால் கத்தி நுழையாத அளவுக்குப் பொருந்துகிறது. உள்ளே கம்பளி நார் வைத்துவிடுகிறார்கள். முப்பத்தேழு வருடம் கவராயம் வைத்து வட்டம் போடச் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் கவராயம் ஒரு வீட்டைக் கட்டும் என்று எனக்குத் தெரியாது.

இன்னொரு சங்கதி. ஈர மரத்தில் சாதாரணப் பென்சில் எழுதாது. அந்தக் குளிரில் பேனா மை உறைந்துவிடும். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தது காப்பியிங் பென்சில்! என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக விழுமே, அதேதான். எங்கள் அப்பா காலத்தில் ஆபீஸ்களில் இருந்தது. ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்பதால் இன்னும் அங்கே மரவீடு கட்டுகிறவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் பழைய உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

நவம்பர் கடைசியில் சுவர் முடிந்து, முகட்டு வளையும் கைமரங்களும் ஏறி, கூரைப் பலகை பாதி அடித்திருந்தது. மீதியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு வந்தோம். அந்த வார இறுதியில்தான் அந்தப் பனி. செய்தியில் பார்த்திருப்பீர்கள். கிரேவன்ஹர்ஸ்ட் பக்கம் நாலடிக்கு மேல் கொட்டியது. நெடுஞ்சாலை 11 மூடப்பட்டு, வண்டிகள் நடுவழியில் நின்றுவிட்டன. மாஸ்டர் மூன்று நாள் தன் வீட்டு வாசலைப் பனிவாரியால் வாரிக்கொண்டே இருந்தார். அவர் மனசு அங்கே இருந்தது எனக்குத் தெரிந்தது.

பாதை திறந்து போய்ப் பார்த்தால், தார்ப்பாய் கிழிந்து உள்ளே விழுந்து, வீடு முழுக்கப் பனி. நெல் கொட்டி நிரப்பிய பத்தாயம் மாதிரி இருந்தது. ஒரு கைமரம் விரிசல் விட்டிருந்தது. நானாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பேன், இல்லை யாரையாவது திட்டியிருப்பேன். அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்துவிட்டு, "தார்ப்பாயைச் சாய்வு இல்லாமல் கட்டினது என் தப்பு" என்றார். அவ்வளவுதான். இரண்டு நாள் வாரினோம். (வாரியது பெரும்பாலும் அவரும் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரும். நான் பத்து தடவை வாரினால் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தேன்.) கைமரத்தை மாற்றினார். டிசம்பர் நடுவில் கூரை முடிந்தது.

இங்கே எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். என் பேரன் யூடியூபில் "பனியில் தனி ஆளாக மரவீடு கட்டும் மனிதன்" என்று வீடியோக்கள் பார்க்கிறான். இங்கேயும் பல பேர் பார்க்கிறீர்கள் என்று தெரியும். அரை மணி நேரத்தில் வீடு எழும்பி, அடுப்பு எரிந்து, நாய் பக்கத்தில் படுத்துவிடும். அதில் பனி வாருகிற இரண்டு நாள் இல்லை. பாதை மூடிக் கிடந்த மூன்று நாள் இல்லை. தச்சு வாத்தியாரின் பழைய மாணவர்கள் இரண்டு பேர் இல்லவே இல்லை. தனி ஆள் என்பதே பாதி பொய். அமெரிக்காவில் தோரோ என்பவர் 1845-இல் வால்டன் குளக்கரையில் ஒரு சின்ன வீடு கட்டினார். காந்தியடிகள் படித்த எழுத்தாளர் என்பதால் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். மார்ச் மாதக் கடைசியில், பனித்தூறல் இன்னும் நிற்காத நாட்களில் வேலையைத் தொடங்கினார். கோடரி இரவல் வாங்கியது. சட்டத்தைத் தூக்கி நிறுத்த நண்பர்கள் வந்தார்கள். மொத்தச் செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார். இரவல் கோடரியை வாங்கினபோது இருந்ததைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் பெருமை எனக்குப் பிடிக்கும். (அவரும் கொஞ்ச நாள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்க வேண்டும் என்று வற்புறுத்தியதால் வேலையை விட்டவர். என்னிடம் அடி வாங்கியவர்கள் இதைப் படித்துச் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.)

அலாஸ்காவில் பிரென்னிக்கி என்று ஒருவர், டீசல் மெக்கானிக். 1968-இல், ஐம்பத்திரண்டு வயதில், இரட்டை ஏரிக் கரையில் கையாயுதங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மரவீடு கட்டி, சுமார் முப்பது வருடம் அங்கேயே வாழ்ந்தார். அந்த வீடு இன்றும் லேக் கிளார்க் தேசியப் பூங்காவில் நிற்கிறது. சுமை குறையட்டும் என்று சில கருவிகளைப் பிடியில்லாமல் கொண்டுபோய், பிடிகளை அங்கேயே செதுக்கிக்கொண்டாராம். ஆனால் அவருக்கும் சாமான் கொண்டுவர ஒரு சின்ன விமானம் வந்து போனது. தன் வீடு எழும்பும் வரை அவர் தங்கியது இன்னொருவர் வீட்டில். அதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. பிள்ளைகளுக்கு முழுக்கதையையும் சொல்ல வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். சுவர் எழும்ப இரண்டு மாதத்துக்கும் குறைவு. அதன்பின் வேலையை முடிக்க நாலு மாதம். சன்னல், கதவு, தரை, அடுப்பு, புகைக்குழாய், கதவுக்கு மேல் சட்டம், நகராட்சி ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்து. மைனஸ் இருபத்திரண்டு டிகிரியில் டிரில்லிங் மெஷின் பேட்டரி பத்து நிமிடத்தில் படுத்துவிடும். அதைக் கோழி முட்டை அடைகாப்பது மாதிரி கோட்டுக்குள் வைத்துக்கொள்வார். பசை ஒட்டாது. ரம்பத்து எண்ணெய் கூழாகிவிடும். இத்தனைக்கும் நடுவில் கதவுக் கீலுக்கு ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டார். நாமெல்லாம் எப்படி? கான்கிரீட் போட்டுப் பால் காய்ச்சிக் குடி போய்விட்டால் பூச்சு வேலை அடுத்த தலைமுறைக்கு. நம் ஊர்த் தெருவில் நடந்து பாருங்கள், மாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்காத வீடு எத்தனை? (என் வீட்டிலும் நிற்கிறது. 2009-இலிருந்து.) பணம் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணம் வந்த பிறகும் அந்தக் கம்பியை யாரும் தொடுவதில்லையே.

ஜனவரியில் ஒரு நாள் மாஸ்டர் என் கையில் ஓர் உளியையும் கொட்டாப்புளியையும் கொடுத்தார். கதவு வரும் இடத்தில் மரங்களின் முனையில் மேலிருந்து கீழாக ஒரு காடி வெட்ட வேண்டும். இரண்டு அங்குல அகலம். கோடு அவரே போட்டுக் கொடுத்துவிட்டார். கோட்டுக்குள் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் அடியிலேயே மரம் கோட்டைத் தாண்டிப் பிளந்து ஒரு சில்லு கையோடு வந்துவிட்டது. உளியை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அறுபத்தைந்து வயது. முப்பத்தேழு வருடச் சர்வீஸ். மாவட்ட அளவில் நல்லாசிரியர் என்று பொன்னாடை போட்டவர்கள். ஒரு நேர்க்கோட்டில் உளி இறக்கத் தெரியவில்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சில்லைப் பனியிலிருந்து தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என் பின்னால் வந்து நின்று, உளியைத் திருப்பி வைத்துக் காட்டினார். "முதலில் குறுக்கே நாரை அறுங்கள், பிறகு நீளவாக்கில் எடுங்கள்." மறுபடி என் கையிலேயே கொடுத்தார். ஒட்டாத குளிராயிற்றே, அந்தச் சில்லை அடுப்புப் பக்கத்தில் சூடு காட்டி, பசை தடவி, அடுத்த முறை வரும்போது பொருத்தியிருந்தார். தேடினால்தான் தெரியும்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் குளிர் இல்லை.

1994 என்று நினைவு. ஏழாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கால அட்டவணைப்படி கைத்தொழில். நான் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் எங்களுக்குத் தக்ளியில் நூல் நூற்கவும், அட்டை வேலையும், தோட்ட வேலையும் கட்டாயம். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் மிச்சம் மீதி அது. மதிப்பெண் வாங்கிப் பட்டயம் பெற்றேன். பள்ளிக்கு வந்த பிறகு அந்தப் பீரியடை ஒரு நாளும் நடத்தவில்லை. பின்னச் சுருக்கம் போட்டேன், வட்டிக் கணக்குப் போட்டேன். பள்ளியில் ஒரு கருவிப் பெட்டி இருந்தது. உளி, சுத்தியல், ரம்பம், சின்ன இழைப்புளி, மூலைமட்டம். சாவி என்னிடம். வருடா வருடம் இருப்புப் பதிவேட்டில் "நல்ல நிலையில் உள்ளது" என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திறந்து பார்த்ததில்லை. கடைசியில் திறந்தபோது துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது.

அந்த வகுப்பில் ஒரு பையன். அப்பா தச்சு வேலை. பின்னத்தில் மூன்றில் ஒன்றும் நாலில் ஒன்றும் கூட்டத் தெரியாமல் நின்றான். நான் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன்: "உனக்கு எதுக்குடா கணக்கு? போய் அப்பனோட இழைப்புளி தள்ளு, அதுக்குத்தான் லாயக்கு." வகுப்பே சிரித்தது. சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். அதற்கு நான் மட்டும் காரணம் என்று சொல்லவில்லை, வீட்டு நிலைமையும் இருந்தது. ஆனால் நான் காரணம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தப்பு. ஒன்று, பிறப்பைச் சொல்லி ஒரு பிள்ளையின் படிப்பை அளந்தது. இன்னொன்றும் அதற்குக் குறைந்ததல்ல: இழைப்புளி தள்ளுவதை அறிவு தேவைப்படாத வேலை என்று நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அந்த நாற்பதில் நீங்களும் இருக்கிறீர்கள்.

இப்போது சிலர், குறிப்பாக என் தம்பி முறை உறவுகள், "அண்ணன் கனடா போய்விட்டு வந்து குலக்கல்வி பேசுகிறார்" என்பார்கள். பேசவில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்றது. அது எதிர்க்கப்பட்டதும், 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டதும் நூற்றுக்கு நூறு சரி. அது இல்லையென்றால் எங்கள் வீட்டில் முதல் தலைமுறையாக நான் சாக்பீஸ் பிடித்திருக்க மாட்டேன். ஆனால் தச்சன் மகன் மட்டும் உளி பிடிக்க வேண்டும் என்பதை எதிர்த்த நாம், தாசில்தார் மகனும் உளி பிடிக்கட்டும் என்று கேட்கவே இல்லை. பெட்டியைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டோம். பின்லாந்தில் 1866-லேயே கைத்தொழிலைப் பள்ளிப் பாடத்தில் சேர்த்தார்கள். இன்றும் அங்கே ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளும் மரவேலையும் தையலும் படிக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. பின்லாந்துக் கல்வி என்று மேடைக்கு மேடை பேசுகிறோம், இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

என் கோரிக்கை பெரிதல்ல. புதுத் திட்டம் வேண்டாம், புதுப் பெயரும் வேண்டாம். அட்டவணையில் இருக்கிற பீரியடைக் கணக்கு வாத்தியார் திருடாமல் இருந்தால் போதும். உங்களில் இருபது பேருக்கு மேல் இன்று ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். பரீட்சை வருகிறது, ரிசல்ட் வேண்டும் என்று மேலிடம் நெருக்கும், எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் திருடினேன். அந்தப் பீரியடில் ஊர்த் தச்சரையோ கொத்தனாரையோ தையல்காரரையோ வகுப்புக்குக் கூப்பிடுங்கள். நாற்காலி போட்டு, "ஐயா" என்று கூப்பிட்டு, பாடம் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்பெஞ்சில் உட்காருங்கள்.

ஏப்ரல் முதல் வாரம் மாஸ்டர் வீடு முடிந்தது. அடுப்பை மூட்டி, அதில் அவர் மனைவி ரொட்டி சுட்டுக் கொடுத்தார். வீட்டுக்காரம்மா வீட்டிலிருந்து கட்டிக் கொண்டுவந்த புளியோதரையும் அங்கே ஓடியது. நான் வெட்டிய காடி கதவுச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது. வெளியே இன்னும் முழங்கால் அளவு பனி, உள்ளே சட்டையோடு உட்கார்ந்திருந்தோம்.

ஊருக்கு வந்த மறுவாரம் அந்தப் பையனைப் பார்க்கப் போனேன். பையன் என்ன, நாற்பது தாண்டிவிட்டான். மூத்த மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். அறந்தாங்கிப் பக்கம் சொந்தப் பட்டறை, ஆறு பேர் வேலை செய்கிறார்கள். (அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றான்.) போனில் இருந்த மரவீட்டுப் படங்களைக் காட்டினேன். அதுவரை இந்தப் படங்களை ஐம்பது பேருக்காவது காட்டியிருப்பேன். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "என்ன செலவு ஆகும்?" அவன் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, ஒரு சன்னல் படத்தையே ரொம்ப நேரம் பார்த்தான்.

"சார், பச்சை மரம்தானே? காய்ஞ்சா சுவரு கீழ இறங்குமே. சன்னலுக்கு மேல என்ன செஞ்சாங்க? எடம் விட்டிருக்கணுமே."

ஆறு மாதம் கூடவே இருந்த எனக்குத் தோன்றாத கேள்வி. அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். எட்டடி உயரச் சுவர் காயக் காய நாலு முதல் ஆறு அங்குலம் வரை இறங்கும். அதனால் ஒவ்வொரு சன்னல், கதவுக்கு மேலும் அவ்வளவு இடைவெளி விட்டு, நாரை நிரப்பி, ஒரு சட்டப் பலகையால் மூடிவிடுவார்கள். சட்டத்தைச் சுவரோடு ஆணி அடிக்கக் கூடாது. நான் வெட்டிய காடி அதற்குத்தான், சட்டம் நிற்க, மரங்கள் அதில் வழுக்கிக் கீழே இறங்க. இதை அவனிடம் சொன்னதும் தலையை ஆட்டினான். "கரெக்டு சார். இல்லேன்னா கண்ணாடி நொறுங்கிரும்."

பின்னத்தைப் பற்றியும் இழைப்புளியைப் பற்றியும் நான் சொன்னதைச் சொல்லி, தப்பு என்றேன். ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டியது என்றேன். அவன் டீ வாங்கிவர ஆளை அனுப்பிவிட்டு, "அப்படியா சொன்னீங்க? எனக்கு ஞாபகமே இல்ல சார்" என்றான். நான் சும்மா இருந்தேன். டீ குடித்து முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கேட்டான், "அது வெள்ளிக்கெழம கடைசி பீரியட்தானே சார்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பஸ் ஸ்டாண்டு வரை அவனே பைக்கில் கொண்டுவந்து விட்டான்.

போன வாரம் மாஸ்டரிடமிருந்து செய்தி. அடுப்பு எரிந்ததில் மரம் காய்ந்து, சுவர் இதுவரை முக்கால் அங்குலம் இறங்கியிருக்கிறதாம். சன்னல் எல்லாம் நன்றாகத் திறக்கிறதாம். அந்தப் படத்தை அவனுக்கு அனுப்பினேன். ராத்திரி பதினொரு மணிக்குப் பட்டறை மூடிவிட்டுப் பதில் போட்டிருந்தான்.

"இன்னும் எறங்கும் சார். ரெண்டு மூணு வருசம் ஆகும். அளந்து வைக்கச் சொல்லுங்க."